முதுகுக்குப் பின்னால் ஒரு இன்ஜின்: வீட்டுக் கொட்டகையில் கட்டிய மிட் இன்ஜின் கார்

வீட்டில் கார் கட்டுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன இன்ஜின்?" என்றுதான். 2011-ல் வேலையைத் தொடங்கியபோது என் மனதிலும் அதுதான் பெரிதாக நின்றது. ஆனால் செயின் பிளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) ஒன்று இருந்தால் இன்ஜினைத் தூக்கிச் சீட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார வைப்பது ஒரு பகலில் முடிகிற காரியம். ஓட்டுபவரின் கையும் காலும் முன்னால் இருக்கின்றன. இன்ஜினும் கியர் பாக்ஸும் பின்னால் போய்விட்டன. நடுவில் விழுந்த அந்த இரண்டு மீட்டரைக் கடக்கத்தான் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. கியர், கிளட்ச், தண்ணீர், பிரேக் எல்லாமே அந்த இரண்டு மீட்டர் வேலைதான். அதனால் இந்தப் பதிவில் அவற்றுக்கே அதிக இடம் கொடுக்கிறேன். பெயின்ட், சீட் துணி பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை.

கோவையில் இந்த ஆசை வருவது புதிதில்லை. எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய ஊர் இது. அந்தக் கார்களில் ஓட்டி வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதை அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பம்ப் செட்டுக்கும் மில் இயந்திரங்களுக்கும் வேலை செய்து பழகிய லேத் பட்டறைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. காலையில் வரைபடத்தைக் கொடுத்தால் மாலையில் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) கைக்கு வந்துவிடும். வேறு ஊரில் இருந்திருந்தால் இந்தக் காரை நான் தொடங்கியிருக்கவே மாட்டேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் காரை ரோட்டில் ஓட்ட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி ஒரு வாகனத்தின் முன்மாதிரி, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் தேறியாக வேண்டும். புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. வீட்டில் ஒற்றைக் கார் கட்டும் ஆளுக்கு அந்த வழி ஒத்துவராது. பழைய காரின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஆகவே இது பந்தயப் பாதைக்கு மட்டுமேயான கார். டெம்போவில் ஏற்றித்தான் போகும், டெம்போவில்தான் திரும்பும். எனக்கு அதில் குறையில்லை.

இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரு மாருதி எஸ்டீமிலிருந்து வந்தவை. 1298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம் என்பதால் எடை குறைவு. பின்பக்கம் வைக்கிற இன்ஜினுக்கு அதுதான் முதல் தகுதி. உதிரி பாகங்கள் உக்கடத்தில் கிடைக்கும், அங்கே இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையில் நிச்சயம் கிடைக்கும். குறுக்கே படுத்திருக்கும் இந்த மாதிரி இன்ஜினில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், இரண்டு டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்திருக்கின்றன. அப்படியே பின்னால் நகர்த்தினால் பின்சக்கரங்களை ஓட்டும். ஃபியட் 1972-ல் எக்ஸ் 1/9 காரை இப்படித்தான் செய்தது. தன் 128 மாடலின் முன்பகுதியைப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. திருப்பாமல் நேராக நகர்த்த வேண்டும் என்பது முக்கியம். முன்பின்னாகத் திருப்பி வைத்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும்.

சக்கரம் தாங்கும் நக்கிள்களும் எஸ்டீமின் முன்பக்க நக்கிள்கள்தான். நான்கு மூலையிலும் அவையே. இங்கிலாந்தில் சார்ல்ஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் 1946-ல் தங்கள் முதல் 500 சிசி பந்தயக் காரைக் கட்டியபோது, இரண்டு ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பகுதிகளை வெட்டி முதுகோடு முதுகாகச் சேர்த்தார்கள். இன்ஜின் மோட்டார் சைக்கிளுடையது. செயினால் பின்சக்கரத்தை ஓட்ட வசதியாக இருந்ததால் அதை ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்தார்கள். அந்த வழியில் வந்த கூப்பர் காரில்தான் ஜாக் பிராபம் 1959-ல் உலகப் பட்டம் வென்றார். கையில் கிடைத்ததை வைத்துக் கட்டியவர்களின் வரலாறு இது. எனக்குச் சோர்வு வந்த காலங்களில் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இந்த நக்கிளை முன்சக்கரத்துக்கு வைக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வீல் பேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்ட்தான். முன்பக்கம் டிரைவ் ஷாஃப்ட் இல்லை என்று அதை எடுத்துவிட்டால் பேரிங் பிரிந்து வந்துவிடும். பழைய ஜாயின்டுகளை வாங்கி, கிண்ணப் பகுதியை லேத்தில் கடைந்து நீக்கிவிட்டு, ஸ்பிளைன் (பல் வரிசை) உள்ள தண்டை மட்டும் ஹப்பில் போட்டு நட்டை முறையான டார்க்கில் (இறுக்கு விசையில்) இறுக்கினேன். செலவு குறைவு, உறுதி அதிகம்.

சட்டகம் 25 மிமீ சதுரக் குழாய், 1.6 மிமீ கனம். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க, தலைக்குப் பின்னால் நிற்கும் ரோல் பார் மட்டும் 45 மிமீ விட்டமும் 2.5 மிமீ கனமும் கொண்ட சீம்லெஸ் (மூட்டில்லாத) குழாய். பந்தய விதி கேட்பது அந்த அளவுதான், அதில் சிக்கனம் கூடாது. தரையை நம்பாமல் முதலில் ஒரு இரும்பு மேசை செய்து, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலை வைத்து நான்கு மூலையையும் மட்டம் பார்த்தேன். மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா சொல்லிக்கொடுத்த முறை அது. குழாய்களை அந்த மேசையில் வைத்து, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று அளந்து, எல்லாவற்றையும் டேக் (புள்ளி வெல்டிங்) மட்டும் அடித்து நிறுத்த வேண்டும். முழு வெல்டிங் கடைசியில்தான். அதுவும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒரே பக்கமாகப் பற்ற வைத்துக்கொண்டே போனால் சூட்டில் சட்டகம் முறுக்கிக்கொள்ளும்.

ரோல் பாரும் சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளும் ஆர்கான் வெல்டிங். அதற்கு வீட்டுக்கே வந்து வேலை செய்த அண்ணன் கறாரானவர். "இடுக்கு விட்டு வெச்சா நான் பத்த வெக்க மாட்டனுங் தம்பி, அரம் போட்டுட்டுக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவரால்தான் குழாய்களின் வாயை ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தும்படி அராவக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு வரை அந்த வெல்டிங்குகளில் ஒரு விரிசல் கிடையாது.

இன்ஜின் இருக்கும் இடம்தான் இந்த வகைக் காரின் பலவீனமான பகுதி. இன்ஜினை எடுக்கவும் வைக்கவும் மேலே திறந்திருக்க வேண்டும். திறந்த இடத்தில் குறுக்குக் குழாய் போட முடியாது. குறுக்குக் குழாய் இல்லாத சட்டகம் முறுக்கும். முறுக்கினால் சஸ்பென்ஷனை என்ன திருத்தினாலும் பயன் இல்லை. அதனால் முறுக்கை அளந்தே பார்த்தேன். பின்பக்கத்தை இரண்டு தாங்கிகளில் இறுகக் கட்டி, முன்பக்கத்தை நடுவில் ஒரே முனையில் நிறுத்தி, முன்னால் குறுக்காக ஒரு குழாயைப் பொருத்தி, நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 50 கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும். அதாவது 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு. நடுவிலிருந்து 500 மிமீ தள்ளி டயல் கேஜ் (நுண்ணிய அசைவைக் காட்டும் மானி) வைத்தால் 2.9 மிமீ காட்டியது. கணக்குப் போட்டால் சட்டகம் ஒரு டிகிரி முறுக ஏறக்குறைய 1,480 நியூட்டன் மீட்டர் வேண்டும். எனக்குப் போதவில்லை. இன்ஜினுக்கு மேலே பெருக்கல் குறி வடிவத்தில், போல்ட்டில் கழற்றி மாட்டும்படி இரண்டு குழாய்கள் சேர்த்தேன். போல்ட் போகும் இடத்தில் குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே ஸ்லீவ் வைத்து வெல்ட் செய்தேன். சீட்டுக்குப் பின்னால் உள்ள சட்டத்துக்கு 1.2 மிமீ தகடு அடித்தேன். மறுபடி அளந்தால் 1.6 மிமீ, ஒரு டிகிரிக்குச் சுமார் 2,670. கூடுதல் எடை ஒரு கைப்பை அளவுகூட இல்லை. இதற்காகச் செலவழிந்த மாதத்தைப் போல் பயனுள்ள மாதம் இந்த வேலையில் வேறு கிடையாது.

பின்சக்கர நக்கிளில் ஸ்டீரிங் கை இருக்கும். அங்கே ஸ்டீரிங் இல்லை என்பதால் அதை ஒரு கம்பியால் சட்டகத்தோடு கட்டிவிட வேண்டும். எந்த உயரத்தில் கட்டுகிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது. வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரம் மேலே ஏறும். அப்போது அதன் முன்விளிம்பு வெளியே திரும்பினால் காரின் பின்பாகம் தானாகவே வழுக்கிச் சுழலும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தைப் பத்துப் பத்து மிமீயாக உயர்த்தி, ரிம்மின் முன்னும் பின்னும் அளந்து அட்டவணை எழுதினேன். 40 மிமீ உயர்வுக்கு 3 மிமீ வெளித் திருப்பம். கம்பியின் உள்முனையை 12 மிமீ மேலே ஏற்றியதும் அது அரை மிமீக்குள் அடங்கியது. உள்முனைப் பிராக்கெட்டை முதலிலேயே வெல்ட் செய்துவிடாமல், ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஏற்றி இறக்கும்படி செய்வது நல்லது.

இனி கியர். எஸ்டீமில் கியர் பாக்ஸிலிருந்து ஒரு கம்பி பின்னால், ஓட்டுபவரை நோக்கி வரும். இன்ஜினைப் பின்னால் நகர்த்தியதும் அந்தக் கம்பி காரின் பின் பம்பரைப் பார்த்து நிற்கிறது, ஓட்டுபவரோ எதிர்த்திசையில். அந்தக் கம்பி இரண்டு வேலை செய்கிறது: முன்பின்னாக நகர்ந்து கியர் போடுகிறது, சுழன்று வரிசையைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டையும் புஷ் புல் கேபிளில் கொண்டுபோக வேண்டும். கேபிளைப் பின்னால் கொண்டுபோய் யு வளைவாகத் திருப்பிக் கம்பியில் மாட்டுவது பலரும் யோசிக்கும் வழி. அதில் இரண்டு தொல்லை. வளைவு கூடக் கூடக் கேபிள் உராய்ந்து கனக்கும். திசையும் மாறி, ஒன்றாம் கியர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் கியர் வரும். நான் கேபிளை கியர் பாக்ஸின் பக்கவாட்டில் நேராக ஓட்டி, கம்பியில் ஒரு கிளாம்ப் மாட்டி, அதன் காதில் இணைத்தேன். லிவரை முன்னே தள்ளினால் கீழ்முனை பின்னே போகும், கேபிளைத் தள்ளும், கம்பியும் பின்னே போகும். எஸ்டீமில் நடப்பதும் அதுவே. ஆனால் கேபிள் கம்பியின் நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளுவதால் கம்பி கோணிப் பிடிக்கப் பார்க்கும். அதன் வெளிமுனைக்கு வெண்கலப் புஷ் ஒன்று வைத்துத் தாங்கியதும் அது சரியானது. இணைப்புகள் எல்லாம் 6 மிமீ ராட் எண்ட் (கம்பி முனையில் மாட்டும் பந்து மூட்டு). ஒவ்வொரு இணைப்பிலும் அரை மிமீ ஆட்டம் இருந்தால் லிவர் குமிழில் அது விரல் அகலமாகத் தெரியும். எனவே இங்கே மலிவான பொருள் வேண்டாம்.

கிளட்ச்சுக்கு எஸ்டீமில் கேபிள். அத்தனை தூரம் வளைந்து போகும் கேபிள் காலுக்குப் பாரமாக இருக்கும் என்பதால் ஹைட்ராலிக்குக்கு மாற்றினேன். ஆக்சிலரேட்டர் கேபிள் சாதாரண வேலை.

தண்ணீர் விஷயத்துக்கு நான் கொடுத்த நேரம் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். ரெடியேட்டர் மூக்கில், இன்ஜின் பின்னால். நடுச் சுரங்கம் வழியாக 32 மிமீ அலுமினியக் குழாய்கள் இரண்டு, ஒன்று போக, ஒன்று வர. அந்தக் குழாய்களுக்குள் மட்டுமே சுமார் 3 லிட்டர் தண்ணீர் நிற்கும். இன்ஜின் சூடேறித் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) திறந்ததும் அத்தனை குளிர்ந்த தண்ணீரும் ஒரே மூச்சில் இன்ஜினுக்குள் பாயும். தெர்மோஸ்டாட் உடனே மூடும், பிறகு திறக்கும். சூட்டு முள் மேலும் கீழுமாக ஆடும். நீண்ட குழாயோடு ரோவர் கே சீரிஸ் இன்ஜினை வைத்துக் கட்டிய எம்ஜி எஃப், லோட்டஸ் எலீஸ் கார்களில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) தொல்லைக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். நான் தெர்மோஸ்டாட் தட்டில் 3 மிமீ துளை ஒன்று போட்டேன். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் சூட்டுத் தண்ணீர் குழாய்களில் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றும் அதன் வழியே வெளியேறும்.

காற்றுதான் இன்னொரு எதிரி. குழாய் தரையோரமாக ஓடி இரண்டு முனையிலும் மேலே ஏறுவதால் ஏர் லாக் ஆக வசதியான அமைப்பு. தண்ணீர்த் தொட்டியைச் சீட்டுக்குப் பின்னால், முழு அமைப்பிலேயே உயரமான இடத்தில் வைத்தேன். ரெடியேட்டரின் உச்சியிலிருந்து ஒரு 6 மிமீ குழாயும், தெர்மோஸ்டாட் மூடியிலிருந்து ஒரு 6 மிமீ குழாயும் அந்தத் தொட்டிக்குப் போகின்றன. எங்கே காற்று சேர்ந்தாலும் தானாகத் தொட்டிக்கு ஏறிவிடும். தண்ணீர் ஊற்றும்போது காரின் மூக்கை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, குழாய்களைக் கையால் பிசைந்து விட வேண்டும். தொட்டியில் 0.9 பார் மூடி. அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். சித்திரை வெயிலில் அந்தக் கூடுதல் இடைவெளி தேவைப்படுகிறது.

ரெடியேட்டருக்குள் காற்று நுழைய எல்லோரும் வழி செய்வார்கள். வெளியேறும் வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பானெட்டில் கம்பளி நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பார்த்தால் காற்று எங்கே மேலே இழுக்கப்படுகிறது என்று கண்ணுக்கே தெரியும். மூக்கு வளைவு முடிந்த உடனே நூல்கள் எழும்பி நின்றன. அங்கேதான் வெளி வாய் வெட்டினேன். ஃபேன் ஓடும் நேரம் அதற்குப் பிறகு பாதியாகக் குறைந்தது.

பிரேக்கைப் பற்றி எழுதும்போது கணக்கைக் காட்டாமல் எழுதக் கூடாது, ஏனென்றால் ஊகத்தில் செய்தால் ஆளைக் கொல்லும். நான்கு மூலையிலும் ஒரே நக்கிள், ஒரே டிஸ்க், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரும் ஒரே மாதிரி. ஓட்டுபவரோடும் பாதி பெட்ரோலோடும் எடை 700 கிலோ. முன்னால் 42 சதவீதம், பின்னால் 58. நான்கு எடைத் தராசுகளில் சக்கரங்களை ஏற்றி அளந்தது. சக்கர இடைவெளி 2.35 மீட்டர், எடை மையத்தின் உயரம் சுமார் 0.45 மீட்டர். 0.9 ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 பங்கு) பிரேக் பிடித்தால் 120 கிலோ பின்னாலிருந்து முன்னால் மாறும். அதாவது முன்னால் 294-ஆக இருந்த பாரம் ஏறக்குறைய 415 ஆகும், பின்னால் 285 ஆகும். எனவே முன்பிரேக் பின்பிரேக்கைவிட 1.45 மடங்கு வலுவாக இருக்க வேண்டும். நான்கு காலிப்பருக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (மிதிப்பதை ஆயில் அழுத்தமாக மாற்றும் சிலிண்டர்) சம அழுத்தம் கொடுத்தால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகும், கார் சுழலும். இரண்டு மாஸ்டர் சிலிண்டர்கள் வைத்தேன்: முன்பக்கத்துக்கு 15.9 மிமீ, பின்பக்கத்துக்கு 19.05 மிமீ. சின்னச் சிலிண்டர் அதே மிதிக்கு அதிக அழுத்தம் தரும். பரப்பளவுகளின் விகிதம் 1.44. கணக்கு கேட்டதும் கடையில் கிடைத்ததும் இவ்வளவு பொருந்தியது எனக்குப் பெரிய சந்தோஷம். மிச்சத்தை நடுவிலுள்ள பேலன்ஸ் பாரில் (மிதிக்கும் விசையை இரண்டு சிலிண்டருக்கும் பங்கிடும் கம்பி) திருத்திக்கொள்ளலாம்.

பாடி ஃபைபர் கிளாஸ். பிளைவுட் குறுக்குத் தட்டுகளை 200 மிமீக்கு ஒன்றாக நிறுத்தி, இடையில் பியூ ஃபோம் நிரப்பி, ரம்பத்தாலும் உப்புத்தாளாலும் வடிவம் எடுத்தேன். தெர்மாகோல் மலிவு என்று அதைப் பயன்படுத்தி அதன்மேல் நேரடியாக பாலியெஸ்டர் ரெசின் பூச வேண்டாம், ரெசின் அதைக் கரைத்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் எம்இகேபி ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் ஹார்டனர். உச்சி வெயிலில் ரெசின் கண்ணாடி நார்ப் பாயில் இறங்குவதற்குள் இறுகிவிடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வரும் ஈரத்திலோ மேற்பரப்பு பிசுபிசுவென்று நின்றுவிடும். மாசி மாதத்துக் காலை நேரமே இந்த ஊரில் இந்த வேலைக்குத் தோது. அதனால் பாடி வேலைக்கு வருஷத்தில் கிடைத்தது சில வாரங்கள்தான். முடிய இத்தனை வருஷம் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார் தன் சொந்தப் பலத்தில் செட்டிபாளையம் பாதையில் முதலில் சுற்றியது 2021-ல். முதல் சில சுற்றுகள் மூன்றாம் கியருக்கு மேலே போகாமல், சூட்டு முள்ளையும் ஆயில் விளக்கையும் மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். முள் 90 டிகிரியில் அசையாமல் நின்றது. வேகம் கூட்டியபோது தெரிந்தது பாரம் இருக்கும் இடத்தின் அருமை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஸ்டீரிங்கைத் திருப்பினால் மூக்கு தயக்கமில்லாமல் உள்ளே திரும்புகிறது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்சக்கரங்கள் தரையைக் கவ்வித் தள்ளுகின்றன. வெறும் 85 குதிரைத்திறன்தான், ஆனால் தூக்க வேண்டிய எடையும் அதற்கேற்பக் குறைவு.

நீளமான வலப்பக்க வளைவில் ஆயில் விளக்கு ஒரு கணம் மினுங்கியது. சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை இழுப்பதற்கான அடையாளம் அது. சம்ப்பைக் கழற்றி, பிக்கப்பைச் சுற்றித் தகடு வைத்து, உள்ளே மட்டும் திறக்கும் சின்னக் கதவுகள் இரண்டு பொருத்தினேன். அதன் பிறகு விளக்கு வரவில்லை. இப்போது கையில் இருக்கும் வேலை பெட்ரோல் டாங்க்: கால் டாங்குக்குக் கீழே போனால் அதே வளைவில் பம்ப் காற்றை இழுக்கிறது. ஒரு லிட்டர் கொள்ளும் ஸ்வர்ல் பாட் (எப்போதும் பெட்ரோல் நிரம்பியிருக்கும் சின்னத் தொட்டி) ஒன்றை அலுமினியத்தில் செய்யக் கொடுத்திருக்கிறேன். பிரதான பம்ப் அதிலிருந்து எடுக்கும், டாங்கிலிருந்து அதை நிரப்ப ஒரு சின்ன பம்ப். இன்ஜின் மூடியில் சூடு வெளியேற இன்னும் ஒரு வாய் வெட்ட வேண்டும். நூல் துண்டுகளை ஒட்டிப் பார்த்துவிட்டு இடத்தைக் குறிக்கிறேன்.